கழற்றுவதா, செப்பனிடுவதா?

மலைநாட்டுப் பாதைகளில் பழைய மோட்டார் வண்டிகளுக்கு இன்றும் மதிப்புக் குன்றவில்லை. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்வோர், வயது நாற்பதைத் தாண்டியும் சளைக்காமல் ஏறும் ஜப்பானிய வண்டிகள் பலவற்றைக் காணலாம். இவற்றை வைத்திருப்போரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. எஞ்சினைச் சுற்றியுள்ள புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டிக்கு வலுக் கூடும், பார்வைக்கும் அழகாயிருக்கும் என்பதே அது. இது சரிதானா என்று ஆராயும் அவசியம் அண்மையில் எங்கள் குடும்பத்துக்கும் ஏற்பட்டது.

என் மாமனார் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், 1981ஆம் ஆண்டு ஜப்பானில் உருவான டொயோட்டா கொரோலா ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். நள்ளிரவில் லயத்திலிருந்து பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால், அந்த வண்டியைத்தான் தேடி வருவார்கள். அவர் காலஞ்சென்ற பின் அது என் மைத்துனனுக்கு வந்தது.

"அத்தான், இந்தக் குழாய்க் காடு எதற்கு? எல்லாவற்றையும் கழற்றித் துவாரங்களை அடைத்துவிட்டால் மேட்டில் கரும்புகை வராதாம். பாஸ் சொல்கிறார்" என்றான் அவன்.

நான் கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பவன். "முதலில் எந்தக் குழாய் எங்கே போகிறதென்று பார்ப்போம், தம்பி. கழற்றுவதை அப்புறம் யோசிக்கலாம்" என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொரு குழாயிலும் இலக்கமிட்ட துண்டுக் கடதாசியைக் கட்டி, படம் வரைந்து பார்த்தோம். காடாகத் தோன்றியது நான்கு காரியங்களாகப் பிரிந்தது.

முதலாவது, பிஸ்டனைத் தாண்டி எண்ணெய்க் கூட்டுக்குள் கசியும் வாயுவை வெளியே விடாது, மீண்டும் எரிவதற்கு அனுப்பும் குழாய். இதனை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, எண்ணெய் மூட்டுகள் வழியே கசியத் தொடங்கும். இரண்டாவது, பெற்றோல் தொட்டியிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி. மூன்றாவது, வெளியேறும் புகையில் சிறு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்கும் வால்வு. நான்காவது, புகைக்குழாயில் பொருத்தப்படும் ஊக்கிப் பெட்டி. இதிலுள்ள பிளாற்றினம் போன்ற உலோகங்கள் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றன.

இவை தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. 1950களின் தொடக்கத்தில், ஒல்லாந்து நாட்டிற் பிறந்த ஹாகன் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தாரின் கண்களை எரித்த புகைமூட்டத்தை ஆராய்ந்தார். வாகனப் புகை முதலியவற்றிலுள்ள ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் கூடியே அது உண்டாகிறது என்று காட்டினார். அதன்பின் நாடுகள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின. ஜப்பான் 1978இல் நைதரசன் ஒட்சைட்டின் அளவைக் கிலோமீற்றருக்கு 0.25 கிராம் என்று கடுமையாக வரையறுத்தது. எங்கள் கொரோலாவின் குழாய்கள் அச்சட்டத்தின் பிள்ளைகளே.

அப்படியாயின் நம் நாட்டில் இவற்றைக் கழற்றியவர்களெல்லாம் அறிவீனர்களா? அல்லர். அக்காலத்தில் நம் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் ஊக்கிப் பெட்டியின் உலோகங்களின் மேற் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். செத்த பெட்டியைச் சுமப்பானேன் என்று பாஸ்மார் கழற்றியதில் நியாயம் இருந்தது. எங்கள் வண்டியிலும் அந்த இடத்தில் வெறுங் குழாயே இருந்தது. ஆனால் 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. காரணம் போய்விட்டது; வழக்கம் மாத்திரம் நிலைத்துவிட்டது.

மேட்டில் வரும் கரும்புகைக்கும் காரணம் வேறு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றழுத்தம் கொழும்பிலுள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேற்றரோ காற்று மெலிந்ததற்கேற்பப் பெற்றோலைக் குறைப்பதில்லை. எரியாத மிச்சமே கரும்புகையாகிறது. இதற்குக் கார்பரேற்றரைத் திருத்த வேண்டுமேயன்றிக் குழாய்களைத் தண்டிப்பது முறையன்று. அக்காலத்து டொயோட்டா வண்டிகள் சிலவற்றில், உயரத்துக்கேற்பக் கூடுதல் காற்றை விடும் கருவியொன்றும் இருந்தது. மலையேற உதவும் அதனையும் 'குழாய்தானே' என்று கழற்றி எறிந்தவர் உண்டு.

இறுதியில் நாங்கள் செய்தது இதுதான். வெடித்த இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக, அதே அளவில் மாற்றினோம். வால்வில் அடைந்திருந்த கரியைச் சுரண்டினோம். பாஸ் கார்பரேற்றரைத் திருத்தினார். புகை வெகுவாகக் குறைந்தது. "குழாய் எல்லாம் ஒழுங்காக இருந்தால் இதுவும் நல்ல எஞ்சின்தான், சேர்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஊக்கிப் பெட்டி ஒன்று வாங்க மைத்துனன் பணம் சேர்த்து வருகிறான்.

2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை இருக்கின்றதே, அதில் தேறினாற் போதாதா என்று சிலர் கேட்கலாம். அதில் பெற்றோல் வண்டிக்கு அளக்கப்படுபவை காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனுமே. நைதரசன் ஒட்சைட்டு அங்கே கணக்கில் வருவதில்லை. ஆகவே பத்திரம் கையில் இருப்பது வேறு, புகை தீங்கற்றதாயிருப்பது வேறு.

மாணாக்கர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். இருக்கையும் விளக்கும் பிரேக்கும் வண்டிக்குள் இருப்பவருக்கும் பயன்படுகின்றன. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோ பெரும்பாலும் பின்னால் வருபவருக்காகவே வைக்கப்பட்டவை. ஓட்டுபவர் தம் புகையை முகர்வதில்லை. அதனாலேயே அவை அவருக்கு வீண் சுமையாகத் தோன்றுகின்றன. பனி மூடிய காலையில், ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான ஒடுங்கிய பாதையில், வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்கு நடக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. அப்பிள்ளையின் மூச்சுக்காக வைக்கப்பட்ட ஒன்றை அழகுக்காகக் கழற்ற நமக்கு உரிமை ஏது?

1950களின் மொரிஸ் மைனரில் இத்தகைய கருவிகள் இல்லை. இல்லாததைப் பொருத்துமாறு எவரும் கேட்கவில்லை. இருப்பதைப் பேணினாற் போதும்.