"புள்ளைக்கு பிட்ஸ் வந்தா என்ன பண்றது?"

1/ ஒரு நைட் டூட்டி. சாக்கோட்டைப் பக்கத்துல இருந்து 7 வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. வலிப்பு நின்னிருந்துச்சு. ஆனா வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒண்ணு உடைஞ்சிருக்கு. நாக்கைக் கடிச்சிடக் கூடாதுன்னு அம்மா ஸ்பூனை உள்ள விட்டிருக்காங்க.

"யாரும்மா அப்படிச் செய்யச் சொன்னது?"

"செல்லுல தேடுனேன் டாக்டர். அப்படித்தான் வந்துச்சு."

2/ சுருக்குன்னு இருந்துச்சு. வலிப்புக்கு முதலுதவி என்னன்னு நானே ஒரு இணையதளம் வெச்சு எழுதியிருக்கேன். எட்டு மாசமா அது அங்கதான் கிடக்கு. அந்த அம்மா கண்ணுல படவே இல்லை.

3/ டூட்டி முடிஞ்சு நானே தேடிப் பார்த்தேன். தள்ளித் தள்ளிப் பார்த்தும் என் கட்டுரையைக் காணோம். அதோட தலைப்பு: "கால்-கை வலிப்பு நோய்: ஓர் அறிமுகம்". யாருங்க அப்படித் தேடுவா?

4/ அடுத்த வாரம் ரிவ்யூவுக்கு வந்தப்போ அந்த அம்மாகிட்டயே கேட்டேன், "என்னன்னு தேடுனீங்க?"

"டைப் பண்ணல்லாம் வராது டாக்டர். மைக்கை அமுக்கி, புள்ளைக்கு பிட்ஸ் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன்."

இப்போ என் கட்டுரையோட தலைப்பே அதுதான்.

5/ எஸ்.இ.ஓ-ன்னு பெரிசா சொல்றாங்களே, அதோட முதல் பாடம் இதுதாங்க. தேடுபொறி, புத்தகத்துக்குப் பின்னால இருக்கற சொல்லடைவு மாதிரி. ஒத்த சொற்களை ஓரளவு புரிஞ்சுக்கும். ஆனா ஜனங்க "பிட்ஸ்", "காக்கா வலிப்பு"ன்னு கேட்கும்போது, அந்தச் சொல்லே இல்லாத பக்கம் பின்னாடிதான் நிக்கும். (காக்கா வலிப்புக்கும் காக்காவுக்கும் சம்பந்தமில்லை. "கால்-கை வலிப்பு" பேச்சுல மருவுனதுதான்.)

6/ என் ரெண்டாவது தப்பு: முக்கியமான முதலுதவியை அழகான போஸ்டராப் போட்டிருந்தேன். படத்துக்குள்ள இருக்கற எழுத்தைத் தேடுபொறி ஒழுங்கா படிக்கும்னு நம்ப முடியாது. எல்லாத்தையும் யூனிகோட் எழுத்தா திரும்ப அடிச்சேன்.

7/ மூணாவது, சிபாரிசு. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கினப்போ அடிப்படை யோசனையே அதுதான்: நல்ல பக்கங்கள் எதுக்கு இணைப்பு கொடுக்குதோ, அது நம்பத்தக்கது. என் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்க யாருமே இல்லை. டாக்டர் நண்பர்கள் ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். படிச்சுப் பார்த்துட்டு, அவங்க தளத்துல கொடுத்தாங்க.

8/ ஊர்ப் பேர்லயும் ஒரு சிக்கல். கும்பகோணம் பக்கத்துலயும் ஒரு சாக்கோட்டை இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி தேடறவர் தஞ்சாவூர் மாவட்டத்து விவரத்தைப் பார்த்துட்டு நின்னா என்ன ஆகும்? அதனால "சாக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்"னு முழுசா எழுதினேன்.

9/ "முதல் இடம் கேரண்டி"ன்னு காசு கேட்டு ஒருத்தர் போன் பண்ணார். அப்படி யாராலும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே சொல்லுது. ஒரே சொல்லை நூறு தடவை திணிச்சாலும் பலன் இல்லை, அது ஸ்பேம்.

10/ சரி, முதல் இடத்துக்கு வந்துட்டா போதுமா? 2021 அக்டோபர்ல நடந்ததைக் கேளுங்க. வலிப்பு வந்தா என்ன செய்றதுன்னு ஆங்கிலத்தில் தேடினவங்களுக்கு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனைப் பக்கத்துல இருந்து பதிலை எடுத்து கூகுள் உச்சியில காட்டுச்சு. அந்தப் பக்கத்துல இருந்தது "செய்யக் கூடாதவை" பட்டியல். "கூடாது"ங்கிற தலைப்பு விடுபட்டுப் போய், வாயில் எதையாவது வை, ஆளை அமுக்கிப் பிடி எல்லாம் செய்ய வேண்டியதா மாறிடுச்சு!

11/ அதைப் படிச்சதும் என் பட்டியலைப் பார்த்தேன். நானும் மேல "செய்யக் கூடாதவை"ன்னு போட்டு, கீழ "சாவி கொடுத்தல், தண்ணீர் புகட்டுதல்"னுதான் எழுதியிருந்தேன். இப்போ ஒவ்வொரு வரியும் தன்னோட "கூடாது"வைத் தானே சுமக்குது. எந்த வரியைத் தனியா பிச்சு எடுத்தாலும் அர்த்தம் மாறாது:

வாயில் எதையும் வைக்கக் கூடாது.
கையில் இரும்புச் சாவி கொடுக்கத் தேவையில்லை.
அமுக்கிப் பிடிக்கக் கூடாது.
முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது.
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள்.
5 நிமிடம் தாண்டினால் உடனே 108.
முதல் தடவை வந்த வலிப்பா? தானா நின்னாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

12/ பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும். அந்த நேரத்துல கையில சாவி இருந்தா பேர் சாவிக்குப் போயிடுது. அந்தக் கதைக்கு விளம்பரமே வேண்டாம், தானா பரவும். உண்மையைத்தான் நாம கை பிடிச்சு முன்னால கொண்டுவந்து நிறுத்தணும்.

13/ என் பக்கம் இன்னும் முதல் இடத்துக்கு வரலை. ஆனா கூகுள் சர்ச் கன்சோல்னு ஒரு இலவசக் கருவி இருக்கு; என்ன தேடி உள்ள வந்தாங்கன்னு காட்டும். போன வாரம் அதுல ஒரு வரி: "பிட்ஸ் வந்தா ஸ்பூன் வைக்கலாமா".

யாரோ வைக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்காங்க. எனக்கு அது போதும்.

டாக்டரோ, வாத்தியாரோ, விவசாயியோ, தெரிஞ்ச நல்ல விஷயத்தை எழுதுங்க. தேடறவங்க வாயில வர்ற சொல்லுலயே எழுதுங்க.