ஜைஹூனின் நீர்

இமாம் திர்மிதீயின் ஊரான திர்மித், ஜைஹூன் ஆற்றங்கரையில் உள்ளது என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். அவ்வாற்றுக்கு வடக்கேயுள்ள நாட்டை அரபு நூலோர் 'மாவராஉன்னஹ்ர்', அதாவது ஆற்றுக்கு அப்பாலுள்ளது, என்றனர். சொல்லுக்குப் பொருள் உரைத்ததோடு நம் வேலை முடிந்ததென இருந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் எழுந்து, "அந்த ஆறு எப்போது பெருகும், ஹஜ்ரத்?" என்று கேட்டான். "மழைக்காலத்தில்தான்" எனத் தயங்காமல் விடை பகர்ந்தோம். அன்றிரவு பூகோள நூலைப் புரட்டியபோது நாணினோம். இன்று அமு தர்யா எனப்படும் ஜைஹூன் பெருகுவது மழையே அரிதான கடுங்கோடையில்!

காரணம் பாமிர் மலை. மேற்கிலிருந்து வீசும் காற்று குளிர்காலத்திலும் இளவேனிலிலும் கொணரும் ஈரத்தை மேற்குப் பாமிரின் முடிகள் பனியாகப் பறித்துக்கொள்கின்றன. 7495 மீட்டர் உயர்ந்த இஸ்மாயீல் ஸாமானி சிகரம் அவற்றுள் ஒன்று. (முதலில் ஸ்டாலின் பெயரையும், 1962 முதல் கம்யூனிசத்தின் பெயரையும் சுமந்து, 1998இல் புகாராவை ஆண்ட அமீரின் பெயரைப் பெற்றது.) அதனருகே ஃபெட்சென்கோ பனியாறு 70 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. ஈரம் எட்டாத கிழக்குப் பாமிரோ வறண்ட மேட்டுநிலம். 3600 மீட்டர் உயரத்திலுள்ள முர்காபில் ஆண்டு முழுதும் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. மேற்கே நீர் மலையை அறுத்து ஆழ்பள்ளங்களாக்கிற்று. கிழக்கே அறுப்பதற்குப் போதிய நீரில்லாமையால் பள்ளத்தாக்குகள் அகன்று கிடக்கின்றன.

அலெக்ஸி ஃபெட்சென்கோ தம் பெயர் தாங்கிய பனியாற்றைக் கண்டவரல்லர். 1873இல் ஆல்ப்ஸ் மலையில் அவர் இறந்தார். 1878இல் அதன் முனையைக் கண்ட ஒஷானின் அப்பெயரைச் சூட்டினார். காணாத ஆற்றைப் பாடம் நடத்திவந்த நமக்கு இச்செய்தி சற்றே ஆறுதல் தந்தது.

கோடையில் உருகும் அப்பனி முக்ஸூ, வக்ஷ் ஆறுகளின் வழியே இறங்கி, பஞ்ச் ஆற்றோடு கூடி, அமு தர்யாவாகித் திர்மிதைக் கடக்கிறது.

மறுநாள் வகுப்பில் நம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினோம். அவன் விடவில்லை. "பனி தீர்ந்துவிட்டால், ஹஜ்ரத்?"

வெப்பம் மிகுவதால் பனியாறுகள் சுருங்கி வருவதையும், உருகும் காலம்வரை நீர் மிகுந்து பிறகு குறையும் என்பதையும் சொன்னோம். 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்கு நீர் திருப்பப்பட்டதால், அவ்வாறு ஆரல் கடலை எட்டுவதே அரிதாகிவிட்டதையும் சொன்னோம். இம்முறை நூலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னோம்.