செங்கத்து மலையில் ஒரு முகமலர்ச்சி

செங்கம் நகரில் நின்று வடக்கே நோக்கினால் ஜவ்வாது மலைத்தொடர் நீலச் சுவர்போல் தோன்றும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இவ்வூரையாண்ட நன்னன் மீது பாடப்பெற்றது. செங்கண்மா என்னும் பழம்பெயரே செங்கம் என மருவிற்று. 583 அடிகள் கொண்ட அந்நூலில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் எதிர்ப்படும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். மலைச் சிற்றூர்களில் வாயிலில் தயங்கி நிற்க வேண்டா. சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையுங்கள், உணவு தருவார்கள் என்கிறான். வழி தவறினாலோ, கானவர் தாமே வந்து துயர் தீர்ப்பராம்!

இதையெல்லாம் மாணவர்க்குச் சொல்லிக்கொண்டேதான் சில ஆண்டுகளுக்கு முன் அம்மலையேறினேன். மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஒரு சிற்றூர். திண்ணையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நலம் விசாரித்தோம். அவர் முறுவலிக்கவில்லை, 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நம் இல்லங்களில் விருந்தினர் வந்தால் வரவேற்கும் ஓசை தெருமுனை வரை கேட்குமே! அந்தப் பழக்கத்தில், "இவர்களுக்கு முகமலர்ச்சி என்பதே தெரியாது போலும்" என்றேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். சகோதரனைக் கண்டு புன்னகைப்பதும் தருமமே என்ற நபிமொழியை அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தேன்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களைவிட அதிகம் புன்னகைத்தவரைத் தாம் கண்டதில்லை என்று அப்துல்லாஹ் இப்னு ஹாரிஸ் (ரலி) கூறியதாகத் திர்மிதியில் உள்ளது. உள்நாக்குத் தெரிய அவர்கள் சிரித்ததைத் தாம் பார்த்ததில்லை என்கிறார்கள் அன்னை ஆயிஷா (ரலி). மகிழ்ச்சிக்கு ஓசை தேவையில்லை என்பது எனக்குப் புதிய செய்தியன்று.

அரபியர் விருந்தினரை 'அஹ்லன் வ ஸஹ்லன்' என்பர். உம் உற்றாரிடமே வந்துள்ளீர், சமநிலத்தில் கால் வைத்துள்ளீர் என்பது அதன் கருத்து. கல்லும் மணல்மேடும் கடந்து வருபவனுக்குச் சமநிலத்தைவிட இனியது எது?

முதியவர் ஒரு சொம்பு நீரும் பலாச்சுளைகளும் கொணர்ந்து வைத்தார். அஸர் நேரமாயிற்று. ஒளுச் செய்துவிட்டுத் தொழ இடம் தேடினோம். எங்கும் மேடும் பாறையுமாக இருந்தது. எங்கள் தேட்டத்தைப் பார்த்தவர், களத்தில் காயப்போட்டிருந்த சாமையை ஒரு சொல்லும் பேசாமல் கூட்டி அள்ளத் தொடங்கினார். களம் வெறுமையானதும் பாய் ஒன்றை விரித்துவிட்டு அப்பால் போய் நின்றார்.

தொழுது முடித்து எழுகையில் ஒரு மாணவன் என் காதருகே வந்து கேட்டான்:

"ஹஜ்ரத், நீங்க சொன்னது அவர் காதுல விழுந்திருக்குமா?"