காற்றில் வந்த ஆசிரியர்கள்



பௌதிகம் பயில்கிறவன் ஆயிற்றே, அணுவைப் பற்றி ஏதேனும் எழுதுவான் என்றுதான் சங்கத்தார் எண்ணியிருப்பார்கள். நான் எழுத வந்ததோ மறைந்துபோன மூன்று குரல்களைப் பற்றி. 2022, 2023, 2024 என ஆண்டுக்கு ஒருவராகப் பிரிந்தவர்கள். மூவருக்கும் இந்த மும்பையோடு உறவு உண்டு.

முதலில் சரோஜ் நாராயணசுவாமி. அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த முதல் பெண்மணி. 2022 ஆகஸ்டு 13-ஆம் நாள் இதே மும்பையில், தமது 87-ஆம் வயதில் காலமானார். அன்று எங்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில் வீட்டுக்கு வீடு கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவு. செய்தி கேட்ட என் தாத்தா ஏணியிலிருந்து இறங்கிவந்து உட்கார்ந்துவிட்டார்.

தாத்தா 1967-இல் பதினேழு வயதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் ஆலைக்கு வந்தவர். கையில் காசு சேர்ந்ததும் அவர் வாங்கிய முதல் பொருள் டிரான்சிஸ்டர். காலை 7.15-க்குத் தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். தில்லி எங்கே, தாராவி எங்கே! சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் தரையிறங்கும். பின்னாளில் இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆச்சிக்கு அதெல்லாம் தெரியாது. குழாயடியில் தண்ணீர் நிற்குமுன் செய்தி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். எழுத்தறியாத அவர் உலகத்தை அறிந்தது அந்தப் பெட்டியின் வழியாகத்தான்.

நான் பிறப்பதற்குள் அந்தக் குரல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் எனக்கு அது பெரியதொரு துணை. ஏன் என்கிறீர்களா? விடுமுறைக்கு ஊருக்குப் போனால் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். அறையைக் ‘கோலி’ என்பேன். இங்கே எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்! அவர்களோ, “எந்தக் கோலிக்குள்ளடே போற?” என்று விளையாட்டுக் கோலியைக் காட்டுவார்கள். ஒரு நாள் தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏல, தில்லிச் செய்தி வாசிச்ச அம்மா எங்க பொறந்தாங்கன்னு தெரியுமா? பம்பாய்லதாம்ல!” என்றார். சிரிப்பு நின்றது. உண்மைதான். பூர்வீகம் தஞ்சை என்றாலும் அவர் பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழ்நாடு முழுவதும் செவிசாய்த்த அந்த உச்சரிப்பு, அந்தத் திருத்தமான ழகரம், மும்பையில் பிறந்த நாவில் விளைந்தது! தமிழக அரசு கலைமாமணி விருது தந்தது.

அடுத்தவர் வாணி ஜெயராம். வேலூரில் பிறந்து, மணமாகி மும்பை வந்து, வங்கி வேலையில் இருந்தவர். 1971-இல் ‘குட்டி’ என்னும் இந்திப் படத்தின் பாடல்களால் நாடறிந்தார். 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். பத்தே நாளில், பிப்ரவரி 4-இல், சென்னையில் மறைந்தார். இன்னும் முன்னரே கொடுத்திருக்கலாகாதா? விருதுகளுக்கு ஏனோ கால்வலி.

மூன்றாமவர் தமிழரல்லர், ஆனால் அவரை விட்டு எழுத மனம் வரவில்லை. அமீன் சயானி. மும்பையில் 1932-இல் பிறந்து 2024 பிப்ரவரி 20-இல் மும்பையிலேயே மறைந்தார். 1952-இல், அமைச்சர் கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியபோது, இலங்கை வானொலி ‘பினாகா கீத்மாலா’வைத் தொடங்கிற்று. இங்கே பதிவுசெய்து ஒலிநாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்களாம். அங்கிருந்து புதன்கிழமை இரவில் அது இந்தியா முழுவதும் திரும்பி வரும். வேடிக்கையான பயணம்! 1957-இல் விவித் பாரதி பிறந்ததற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

இந்தி ஒரு சொல்லும் அறியாமல் வந்த தாத்தா, தேநீர்க்கடை வானொலியின் முன் நின்றுதான் அதைக் கற்றார். சயானியின் வீட்டு மொழியும் இந்தியன்று, குஜராத்தி. அவர் தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுத்தறிந்தோருக்காக ‘ரஹ்பர்’ என்ற இதழை எளிய நடையில் நடத்தினார். அதில் உதவிசெய்து பழகிய மகனுக்குக் கடினச் சொல் வராமற் போயிற்று. “பெண்களை முன்னே சொல்லி, அப்புறந்தானே ஆண்களை அழைப்பார்!” என்று ஆச்சி இன்றும் மெச்சுவார்.

அந்த டிரான்சிஸ்டரை நான் கழற்றிப் பார்த்தேன். ஃபெரைட் தண்டு நன்றாக இருக்கிறது. மின்தேக்கிகள் இரண்டு வறண்டுவிட்டன. மாற்றிவிடலாம். ஆனால் 7.15-க்கு யார் வருவார்?

ஆகவே இப்போது காலையில் ‘தினத்தந்தி’யை ஆச்சிக்கு வாசிப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தலைப்பைத் தாண்டுமுன் கையை உயர்த்துவார்: “ஓடாதய்யா. அந்த அம்மா மாதிரி நிறுத்தி வாசி. ‘மழை’ன்னு சொல்லு, ‘மளை’ங்காத.”