மஞ்சக் கட்டையும் தந்த விவகாரமும்

பல்லு விளக்குற பேஸ்ட்டை வச்சு பியானோவைத் துலக்கலாமான்னு யாராச்சும் கேட்டா சிரிப்போம். ஆனா யோசிச்சுப் பாத்தா அது அவ்வளவு கிறுக்குத்தனமான கேள்வி இல்லீங்க. பழைய பியானோவோட வெள்ளைக் கட்டை மேல ஒட்டியிருக்கறது யானைத் தந்தம். தந்தம்னா பல்லுதானே!

ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லிர்றேன். எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ராஜா பாட்டுல வந்தா ரசிப்பேன், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஆனா பழைய ஆர்மோனியம், ரேடியோன்னு எதையாவது பிரிச்சுப் போட்டு உக்காந்திருப்பேன். அந்தப் பேர் தெருவெல்லாம் பரவி, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கற ஒரு ரிட்டயர்டு மியூசிக் டீச்சர் வரைக்கும் போயிருச்சு. எண்பது வயசு. வீட்டு மாடில நின்னா யானைமலை முழுசாத் தெரியும். கீழ ஹால்ல ஒரு பியானோ, மூடியத் தொறந்தா பெயர்ப்பலகைல பாஸ்டன்கிற எழுத்து மட்டும் மிச்சம். கட்டை அத்தனையும் பழைய வேட்டி நிறம்.

டீச்சரோட மகளுக்கு அந்த நிறம் பிடிக்கல. பேத்தி வாசிக்கப் போகுது, பளிச்சுன்னு இருக்கணும்னு ஆசை. தப்பில்ல. வெளியூர்லேருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வந்து காமிச்சிருக்காங்க. அவர் பாத்துட்டு, "எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டு பிளாஸ்டிக் ஒட்டிரலாம். பேத்த பழசை நானே எடுத்துக்கறேன், கூலில கழிச்சுக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். டீச்சர் அன்னிக்கு ராத்திரி தூங்கல. மறுநாள் எனக்கு போன். "தம்பி, நீ ஒருக்கா வந்து பாத்துரு. கறை போகும்னா போகும்னு சொல்லு, போகாதுன்னா போகாதுன்னு சொல்லு."

முதல்ல இது தந்தம்தானான்னு பாக்கணும். ஏன்னா 1870-லேருந்தே செல்லுலாய்டு வந்திருச்சு, பாக்க தந்தம் மாதிரியே இருக்கும். சில பேர் ஊசியக் காய்ச்சிக் குத்திப் பாப்பாங்க, அது வேண்டாத வேலை. ஒரு டார்ச்சை சாய்ச்சு அடிச்சாப் போதும். தந்தத்துல மரத்துல இருக்கற மாதிரி மெல்லிசா ரேகை ஓடும். அதோட தந்தக் கட்டைல பெரும்பாலும் ரெண்டு துண்டு இருக்கும், முன்பக்கம் அகலமா ஒண்ணு, கருப்புக் கட்டைக்கு நடுவுல போற வால் ஒண்ணு. ரெண்டும் சேர்ற இடத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரியும். இங்க ரேகையும் இருந்துச்சு, கோடும் இருந்துச்சு.

இது எப்படி இங்க வந்துச்சு? மதுரைல அமெரிக்க மிஷன் 1834-ல ஆரம்பிச்சது. பசுமலை, அமெரிக்கன் காலேஜ் எல்லாம் அதோட தொடர்ச்சிதான். மிஷனோட தலைமையிடம் பாஸ்டன். பாஸ்டனுக்குத் தெக்க கனெக்டிகட் மாநிலத்துல ஐவரிடன்னே ஒரு ஊர் இருக்கு, பேரே தந்தத்தாலதான். அங்கயும் பக்கத்து டீப் ரிவர்லயும்தான் அமெரிக்காவுக்கு வந்த தந்தத்துல பெரும்பகுதியை அறுத்துப் பியானோக் கட்டைக்குப் பட்டை போட்டாங்க. தந்தம் வந்தது கிழக்கு ஆப்பிரிக்காவுலேருந்து, சான்சிபார் வழியா. உள்நாட்டுலேருந்து கடற்கரை வரைக்கும் மனுசங்க தலைல தோள்ல சுமந்து வந்தது, அதுல அடிமைகளும் உண்டு. ஒரு கட்டைக்குப் பின்னாடி எத்தனை உசுரு பாருங்க.

அந்த ஊர்ல இன்னொரு வேலையும் நடந்துச்சு. அறுத்த பட்டைகளை கண்ணாடிக் கொட்டகைல பரப்பி வாரக்கணக்குல வெயில் காட்டுவாங்க. ஏன்னா தந்தம் இருட்டுல மஞ்சளாகும், வெளிச்சத்துல வெளுக்கும். நம்ம வீட்டுல தூசி படும்னு மூடியே வைக்கறோம் பாருங்க, அதான் கட்டை பழுக்கக் காரணம். வெயிலுக்கு மதுரைல பஞ்சமா என்ன? :-)

ஆனா அழுக்கு வேற, மஞ்சள் வேற, கறை வேற. மூணுக்கும் மூணு வைத்தியம்.

அழுக்குக்கு, துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, மைல்டு சோப்பு ஒரு சொட்டு. கட்டைய நீளவாக்குல, நம்ம பக்கம் இழுத்துத் துடைக்கணும். குறுக்கத் துடைச்சா அழுக்குத் தண்ணி இடுக்குல இறங்கி மரம் ஊதிரும். உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். குத்துவிளக்குத் துலக்கற நெனப்புல புளி, எலுமிச்சை பக்கமே போயிராதீங்க. பல்லுல இருக்கற அதே சுண்ணாம்புச் சத்துதான் இதுலயும், புளிப்பு பட்டா அரிக்கும். பேஸ்ட்டும் வேண்டாம், அதுல இருக்கற பொடி பாலிஷைத் தேய்ச்சிரும்.

மஞ்சளுக்கு வெயில். சர்ச் பியானோ பாக்குற நண்பர் ஒருத்தர் வந்து உள்ள இருக்கற சுத்தியல் செட்டை அப்படியே வெளிய தூக்கி வச்சார். கட்டை ஒவ்வொண்ணுலயும் நம்பர் அடிச்சிருக்கும், அதனால கலைஞ்சாலும் பயமில்ல. 36 கருப்பும் உள்ளயே இருக்கட்டும்னு விட்டுட்டு, வெள்ளை 52-ஐயும் கிழக்குத் திண்ணைல கயித்துக் கட்டில் மேல அடுக்கினோம். பாக்க வத்தல் காயப்போட்ட மாதிரியே இருந்துச்சு. தை மாசக் காலை வெயில் மட்டும், ஒம்பது மணியானா உள்ள. உச்சி வெயில் பட்டா தந்தம் வளைஞ்சு வெடிக்கும், பழைய பசையும் விட்டுரும். ரெண்டு வாரம் அந்தக் கட்டிலுக்கு டீச்சர்தான் காவல், கையில காக்கா விரட்ட ஒரு குச்சி.

ரெண்டு பட்டை ஏற்கனவே கழண்டு கெடந்துச்சு. அதுக்கு சூப்பர் குளூ கூடாது, மறுபடி எடுக்கவும் முடியாது, அடில கருப்பாத் தெரியவும் செய்யும். தந்தப் பட்டை ரொம்ப மெல்லிசு, ஒளி ஊடுருவும். அதனால ஆசாரிமார் காய்ச்சற வஜ்ஜிரத்துல சாக்குப்பொடி கலந்து வெள்ளையாக்கி ஒட்டினோம்.

கடைசியா ஒரு கட்டைல மட்டும் விரல் அகலத்துக்குப் பளீர் மஞ்சக் கறை. சோப்புத் துணி பட்டதும் செவப்பாச்சு. சட்டைல சாம்பார் கொட்டித் துவைச்சவங்களுக்கு இது தெரியும். மஞ்சத்தூள்! காரம் பட்டா செவக்கும், குங்குமம் செய்யறதே அப்படித்தானே. "இதென்ன டீச்சர், யாராச்சும் புள்ளைக சேட்டையா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க. "என் கைதான்யா. அவர் போனதுக்கப்புறம் நான் வாசிக்கல. ஒருநாள் சமைச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே எந்திரிச்சு வந்து, ஒரே ஒரு கட்டைய அமுக்கிப் பாத்தேன். மூடிட்டேன். அப்புறம் தொறக்கல."

இப்ப இதை எடுக்கவா விடவான்னு எனக்குக் குழப்பம். அவங்களுக்கு இல்ல. நடுவுல இருக்கற ஏழெட்டுக் கட்டைல விரல் பட்டுப் பட்டு தந்தம் லேசாக் குழிஞ்சிருக்கும், அதைத் தடவிக் காட்டி, "இது நாப்பது வருஷம் புள்ளைக வாசிச்சது. இதத் தேய்ச்சு மட்டமாக்கிராத. அந்தக் கறை எதுக்கு? போக்கிரு" அப்படின்னாங்க. மஞ்சத்தூள் வெயிலுக்கு நிக்காது. பன்னெண்டு நாள்ல போயிருச்சு.

நண்பர் மறுபடி கோத்து முடிச்சதும் மகள் வந்து பாத்தாங்க. பால் வெள்ளை ஆகல, பசுநெய் நிறம். "பிளாஸ்டிக் இன்னும் பளிச்சுன்னு இருக்குமே தம்பி"ன்னாங்க. அப்பதான் அந்தக் கூலிக் கணக்கைப் பத்திப் பேசினேன். "அக்கா, பேத்த தந்தத்தக் கூலிக்குக் கழிச்சுக்கறதுன்னா அது வித்த மாதிரிதான். 1986-ல நம்ம நாட்டு யானைத் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்துச்சு. 1991-ல வெளிநாட்டுலேருந்து வந்த தந்தத்துக்கும் வந்துருச்சு. விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது." அக்கா அப்புறம் பிளாஸ்டிக் பேச்சே எடுக்கல.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு சொல்லுவோம். அந்த ரெண்டாவது ஆயிரம்தான் யானைக்கு எமனாப் போச்சு. அதனால புதுத் தந்தம் யாருக்கும் வேண்டாம். ஆனா ஏற்கனவே செத்துப்போன யானையோட பல்லைப் பேத்துக் குப்பைல போடறதும், கள்ளத்தனமா கைமாத்தி விடறதும் அந்த யானைக்குச் செய்யற மரியாதையா? கீழடில ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்த தந்தச் சீப்பும் பகடையும் கெடைச்சிருக்கு. அவ்வளவு நாள் நிக்கிற பொருள் இது.

உங்க வீட்டுலயோ சர்ச்லயோ பள்ளிக்கூடத்துலயோ இப்படி ஒண்ணு மூடிக் கெடந்தா, தெனம் ஒரு மணி நேரமாச்சும் தொறந்து வைங்க மக்களே. வெளிச்சம் உள்ள போகட்டும். தூசிய அப்புறம் தொடச்சுக்கலாம்.