தேயாத பக்கம்

பழைய எல்.பி. ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அது எப்படிப் பிழைத்தது என்று தெரிந்துவிடும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த தமிழ் எல்.பி.க்களில் பலவும் ஒரு பக்கத்துக்கு ஒரு படம், மறுபக்கத்துக்கு இன்னொரு படம் என்று வந்தவை. கிணத்துக்கடவில் நாங்கள் நடத்திய ரேடியோ செட் கடையில் மிஞ்சிய தட்டுகளைப் பாருங்கள். ஓடிய படத்தின் பக்கம் முள் பட்டுப் பட்டுச் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஓடாத படத்தின் பக்கம் வாங்கிய நாளில் இருந்தது போலவே கறுகறுவென்று மின்னும். இன்று நிதானமாக உட்கார்ந்து கேட்டால், பல தட்டுகளில் அந்த மின்னுகிற பக்கத்துப் பாட்டுதான் ஒரு படி மேலே நிற்கிறது.

கையிலேயே இருந்த நல்ல பாட்டை இத்தனை வருஷம் ஏன் போடாமல் விட்டோம்? ஜனங்களுக்கு ரசனை போதாது என்பது சோம்பேறித்தனமான பதில். போட்டவனுக்குக் காது போதாது என்பதும் சரியில்லை. எனக்குத் தொழில் பழக்கிய மாமா, கடையைச் சாத்திய பிறகு தனக்கென்று போட்டுக் கேட்ட பாட்டுகள் வேறு. பந்தலில் போட்டவை வேறு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது தொழில். குழாய், காற்று, விசேஷம், அலமாரி என்று எல்லாம் சம்மதித்தால்தான் ஒரு பாட்டு ஊருக்குக் கேட்கும்.

முதலில் குழாய். அகுஜா யூனிட்டைத் திருகி மாட்டிய அலுமினியக் குழாய் ஸ்பீக்கர், தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்த சாமான். பாட்டு முழுசாகக் கேட்க வேண்டும் என்பது அதன் கவலை இல்லை. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது அநேகமாக ஊமை. தபலாவின் இடது கைப் பக்கம், பேஸ் கிட்டார், டிரம்ஸில் காலால் அடிக்கிற பெரிய டிரம் எல்லாம் அந்த எல்லைக்குக் கீழே வாழ்கின்றன. நாயனம், ஷெனாய், வயலின், உச்சத்தில் நிற்கும் குரல் ஆகியவை மேலே. அதனால்தான் டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் பக்கத்து ஊர் வரைக்கும் போனார்கள். பி.பி. ஸ்ரீனிவாஸ் சன்னமாகப் பாடியது பந்தலைத் தாண்டவில்லை. அவர் பாட்டு குறைவாகப் போடப்பட்டதற்கு அவர் பொறுப்பில்லை, குழாய்தான் பொறுப்பு.

1976-ல் 'அன்னக்கிளி' வந்து, இளையராஜா காலம் தொடங்கிய பிறகு இந்த இழப்பு கூடிக்கொண்டே போனது. பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு மெட்டே எழுதி, குரலுக்கு எதிரில் நடக்க விடுவது அவர் கை. குழாயில் அந்த இரண்டாவது மெட்டு இல்லவே இல்லை. 1978-ல் 'ப்ரியா' ஸ்டீரியோவில் பதிவாகி வந்தது. எங்கள் பக்கத்து செட்டுகளோ மோனோ. ஸ்டீரியோ தட்டின் ஒரு சேனலை மட்டும் ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்து ஓட்டியவர்கள் உண்டு. அடுத்த சேனலில் வாசித்தவர்களின் உழைப்பு அந்த ஊருக்குப் போய்ச் சேரவே இல்லை. இப்படிப் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு, 'சுமாராத்தான் இருக்குது' என்று ஒதுக்கியவை எத்தனையோ.

அடுத்தது காற்று. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே, அதன் வாயில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் தென்னை ஓலை ஒரு பக்கமாகவே வளைந்து நிற்கும். குழாயைக் கிழக்கே திருப்பினால் சத்தம் தரையோடு படிந்து வெகுதூரம் போகும். மேற்கே திருப்பினால் காற்று அதை மேலே தூக்கிவிடும், நாலு வீடு தள்ளிக் கேட்காது. ஆடியில் மாரியம்மன் நோம்பி வைக்கிற ஊர்களில் தொழில் செய்தவனுக்கு இது பாலபாடம். மெல்லிய ஹம்மிங்கோ ஒற்றைப் புல்லாங்குழலோ வைத்துத் தொடங்கும் பாட்டு இந்தக் காற்றில் தொடங்கியதாகவே தெரியாது. "ஏனுங் தம்பி, செட்டு நின்னு போச்சுங்களா?" என்று யாராவது வந்து கேட்பார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டால் அந்தத் தட்டு உறையை விட்டு வெளியே வராது. எடுத்த எடுப்பிலேயே தாளம் விழுகிற பாட்டுக்குத்தான் எங்கள் கை தானாகப் போகும்.

காற்றையாவது குழாயைத் திருப்பிச் சமாளிக்கலாம். விசேஷத்தை யாராலும் திருப்ப முடியாது. கண்ணாலம், தெரட்டி, நோம்பி, எழவு என்று ஒவ்வொன்றுக்கும் ஆகிற பாட்டு, ஆகாத பாட்டு உண்டு. தமிழில் நல்ல காதல் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஏக்கத்தைப் பாடுபவை. பல்லவி இனிப்பாக இருக்கும், இரண்டாவது சரணத்தில் கண்ணீர் வந்துவிடும். "நல்ல காரியத்துல ஏனுங் தம்பி அழுகாச்சிப் பாட்டு?" என்று மாப்பிள்ளையின் அப்பா வந்து நின்றால் அவரிடம் மெட்டின் அழகைப் பற்றிப் பேச முடியுமா? ஒரு சொல்லுக்காக முழுப் பாட்டும் தள்ளிப் போகும்.

எழவு வீட்டுக்குப் போன பாட்டின் கதி இன்னும் மோசம். 'பாத காணிக்கை' (1962) படத்தில் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய தத்துவப் பாட்டைத் தெரியாதவர் கிடையாது. அதைச் சாவு வீட்டில் தவிர வேறெங்கும் குழாயில் கேட்டவரும் கிடையாது. அவ்வளவு புகழ் பெற்ற பாட்டையே ஒரு இடத்தில் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்றால், புகழில்லாத பாட்டு ஒருமுறை அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்புமா?

அலமாரி என்பது நாங்களே போட்டுக்கொண்ட வேலி. அவசரத்தில் எடுக்க வேண்டும் என்று பக்தி, கண்ணாலம், எம்.ஜி.ஆர்., சிவாஜி, சோகம் என்று பிரித்து அடுக்குவோம். தப்பான அடுக்கில் விழுந்த தட்டு அங்கேயே கிடக்கும். ரஜினிகாந்தின் நூறாவது படமான 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) சாமி படம் என்பதால் பக்தி அடுக்குக்குப் போனது. அதில் இளையராஜா ஆட்டத்துக்கென்றே போட்ட ஒரு துள்ளல் பாட்டு இருந்தது. விடியற்காலை சாமி பாட்டு வரிசையில் அதைப் போட முடியாது. ஆட்டப் பாட்டு தேடுகிறவன் பக்தி அடுக்கில் கை வைக்க மாட்டான். 2003-ல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 'எலிஃபங்க்' ஆல்பத்தில் அந்தப் பாட்டின் துண்டைத்தான் எடுத்து ஓட்டியது. எங்கள் அலமாரியின் பெயர்ச் சீட்டு அவர்களுக்குத் தெரியாது, அதனால் பாட்டு அவர்கள் காதில் விழுந்தது.

அலமாரிக்கு வந்து சேராதவையும் உண்டு. 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூணு நிமிஷச் சொச்சம்தான் கொள்ளும். நீளமான பாட்டை முன்பாகம், பின்பாகம் என்று வெட்டியிருப்பார்கள். இ.பி. வந்தபோது பெரும்பாலும் நாலு பாட்டு. படத்தில் ஆறு பாட்டு இருந்தால் மிச்சம் இரண்டின் கதி கம்பெனிக்காரர் கையில். கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து தட்டு வந்து கோவைக் கடையில் இறங்குவதற்குள் படம் கொட்டகையை விட்டுப் போயிருந்தால், கடைக்காரர் மறுபடி ஆர்டர் போட மாட்டார். நாங்களும் வாடகைக்குப் போகிற செட்டுக்காரர்கள். போட்ட காசை நாலு விசேஷத்தில் எடுத்துத் தருகிற தட்டைத்தான் வாங்குவோம்.

ஊரில் பாட்டைக் கேட்கிற முறையும் அப்படி. "எம்.ஜி.ஆர். பாட்டுப் போடு கண்ணு" என்பார்களே தவிர, இசையமைத்தவர் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வி. குமார் பின்தங்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன். கே. பாலசந்தரின் 'நீர்க்குமிழி' (1965), 'எதிர்நீச்சல்' (1968), 'வெள்ளிவிழா' (1972), 'அரங்கேற்றம்' (1973) எல்லாம் அவர் இசை. மெல்லிசை மாமணி என்று பட்டமே உண்டு. ஆனால் பெரிய நட்சத்திரப் படங்கள் அவருக்குக் கொஞ்சமாகத்தான் வாய்த்தன. நாகேஷ் பாட்டு, முத்துராமன் பாட்டு என்று கேட்டுக்கொண்டு பந்தலுக்கு யார் வருவார்கள்? எங்கள் கோவையின் பட்சிராஜா ஸ்டுடியோவில் எடுத்த 'மலைக்கள்ளன்' (1954) படத்துக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. அதில் டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்குப் பாடிய பாட்டு இன்றும் ஓடுகிறது. அதே சுப்பையா நாயுடு பெரிய நாயகன் இல்லாத படங்களுக்குப் போட்டவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, ஆலை ஊர்களில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் தோற்றுப்போன சோல் தட்டுகளைத் தேடிப் பிடித்து விடிய விடிய ஆடிய கூட்டம் ஒன்று இருந்தது. 1973-ல் தொடங்கி 1981 வரை நடந்த விகன் கேசினோ அவர்களுடைய பெரிய கோயில். குளோரியா ஜோன்ஸ் 1965-ல் ஒரு தட்டின் பின்பக்கத்தில் பாடி யாரும் கவனிக்காமல் போன பாட்டை அந்தக் கூட்டம்தான் காப்பாற்றியது. 1981-ல் சாஃப்ட் செல் என்ற குழு அதையே திரும்பப் பாடி முதலிடம் பிடித்தது. பிராங்க் வில்சனின் 1965-ம் வருஷத் தட்டு ஒன்று, விரல் விட்டு எண்ணும் பிரதிகளே மிஞ்சியதால், 2009-ல் 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. அடுத்த டி.ஜே. கண்டுபிடித்துவிடக் கூடாது என்று லேபிளில் வேறு பெயர் ஒட்டி மறைக்கிற வழக்கமும் அங்கே இருந்தது.

தேடலையே தொழிலாகக் கொண்ட அவர்களும் ஏராளமான நல்ல தட்டுகளைத் தாண்டிப் போனார்கள். விகன் ஆட்டத் தரைக்கு வேகம் வேண்டும். நடுத்தர வேகத்தில் நெஞ்சை உருக்கும் சோல் பாட்டு வந்தால் ஆட்டக்காரன் நின்றுவிடுவான், நின்றால் டி.ஜே.க்குக் கெட்ட பெயர். அவர்களுக்குத் தரை எப்படியோ, எங்களுக்குப் பந்தல் அப்படி. புதுப் பாட்டைப் போட்டுப் பார்க்கிற செலவைப் போடுகிறவன் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது, பலனோ எல்லாருக்கும். பிறகு எவன் துணிவான்?

அப்படியானால் ஒதுங்கிய பாட்டுகள் எங்கே பிழைத்தன? யாரையும் திருப்திப்படுத்த வேண்டியில்லாத நேரங்களில். நோம்பி ராத்திரியில் கூத்து முடிந்து, விடியற்கால சாமி பாட்டு தொடங்கும் வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கும். செட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் இன்னதுதான் வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு மாமா தன் பாட்டுகளைப் போட்டது அப்போதுதான். ராக்காற்று அடங்கியிருக்கும், பி.பி. ஸ்ரீனிவாஸும் அப்போது பந்தலைத் தாண்டுவார். "அந்தப் பாட்டு என்னுங் அது?" என்று மறுநாள் காலையில் தோட்டத்துச் சாளையிலிருந்து யாராவது வந்து விசாரிப்பார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ல் வந்தது. தூக்கம் கெடுகிறவர்களுக்கு அது நியாயமான விதிதான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் கேள்விப்படாத பாட்டு ஊருக்குள் நுழைந்த வாசல் அதோடு அடைபட்டுப் போனது.

இன்னொரு வாசலைக் கேசட் திறந்தது. 'தளபதி' (1991) படத்துக்கு யேசுதாஸும் எஸ். ஜானகியும் பாடிய டூயட் ஒன்று கேசட்டில் இருந்தது, படத்தில் இல்லை. காட்சி இல்லாத பாட்டைப் பந்தலில் யார் கேட்பார்கள்? ஆனால் பொள்ளாச்சி ரோட்டில் ஓடிய பஸ்களில் கேசட் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை தானாக ஓடும். டிரைவர் கை ஸ்டியரிங்கில் இருக்கும், தள்ளிவிட நேரம் இருக்காது. கேட்கிறவருக்கும் இறங்கிப் போக வழியில்லை. அப்படிப் பழகித்தான் அந்த டூயட் வீடுகளுக்குள் வந்தது.

இன்று குழாய் போய்ப் பெட்டிகள் வந்துவிட்டன. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தது எல்லாம் இப்போது நெஞ்சில் வந்து இடிக்கிறது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் கம்பெனி 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் எலெக்ட்ரானிக் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, வெள்ளைக்காரர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்று எங்கள் தொழில்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நாம் குழாயில் கேட்காத பாதி அவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே, இனி எது ஒதுங்கும் என்று என் மருமகன் கேட்கிறான். அவனும் கண்ணாலங்களுக்கு டி.ஜே.யாகப் போகிறவன். போனில் தேட வேண்டுமானால் பெயர் தெரிய வேண்டும். தெரியாத பெயரை எப்படி அடிப்பது? வேலிகள் இப்போதும் இருக்கின்றன, இடம் மட்டும் மாறியிருக்கிறது. குழாய்க்கு நாயனம் தேவைப்பட்டது, அவன் பெட்டிக்கு அடி தேவைப்படுகிறது. ஆரம்பத்திலேயே அடி விழாத பாட்டு அன்றும் தோற்றது, இன்றும் தோற்கிறது.

அவனுக்கு நான் சொல்வது தொழில் விஷயம் மட்டும்தான். ஆட்டத்துக்கு நடுவில் அறிமுகம் இல்லாத பாட்டைப் போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. பந்தி நடக்கும் முக்கால் மணி நேரம் உன்னுடையது. அங்கே சத்தத்தைக் குறை, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் போடு, அது முடிந்ததும் இடைவெளி விடாமல் தெரியாத ஒன்றை விடு, மறுபடி தெரிந்ததற்கு வந்துவிடு. சாப்பிடுகிறவர் யாரும் எழுந்து வந்து மாற்றச் சொல்ல மாட்டார். கை கழுவப் போகிறவர்களில் ஒருவராவது உன்னிடம் வந்து அந்தப் பாட்டு எந்தப் படம் என்று கேட்டால், அதை அடுத்த கண்ணாலத்தில் ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு படி நகர்த்து. யாரும் கேட்கவில்லை என்றால் ஊரை மாற்றிப் பார், பாட்டை மாற்றாதே.

மருமகன் இப்போது வி. குமாரில் இருந்து தொடங்கியிருக்கிறான். போன வைகாசியில் பந்திக்கு இரண்டு போட்டானாம், பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் ஒருவர் வந்து விசாரித்தாராம். பந்தியில் நின்று முழுசாகக் கேட்கிறவர்கள் பரிமாறுகிறவர்கள்தான் என்பதை இனி அவனே கண்டுகொள்வான்.