நாலு கதவு

ஓஃப் ரோட் எண்டால் என்ன எண்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கும் அண்ணாவுக்கும் இரண்டு நாள் எடுத்தது. “றோட் இல்லாத இடத்தில ஓடுறது” எண்டான் அண்ணா. “அதுக்குக் காசு குடுத்து வாகனம் வாங்கோணுமோ? நாங்கள் அதைச் சும்மா ஓடினனாங்கள்” எண்டா அம்மா. அம்மா வன்னியில வளர்ந்தவ. கூடாரம் எண்டு சொன்னாலே அவவுக்கு ஞாபகம் வாறது தரப்பாள்தான். லீவு கிடைச்சால் சந்தோசமாப் போய் அதுக்குள்ள படுத்திட்டு வரலாம் எண்டது அவவுக்கு இன்னும் பிடிபடாத விசயம்.

எங்கட திட்டம் பெரிசா ஒண்டும் இல்லை. மணற்காட்டு மணல் மேடுகள், வன்னிக் குளங்கள், வசதிப்பட்டால் ஒருக்கா நக்கிள்ஸ் பக்கம். அண்ணா கட்டட வேலைத்தளம் ஒண்டில வேலை. அவனும் அவன்ர இரண்டு சிநேகிதரும் பெரும்பங்கு போட, நான் ரியூசன் படிப்பிச்சுச் சேர்த்த காசை வச்சு நாலாவது பங்காளி ஆனன். பங்கு சின்னன், ஆனா வாய் பெரிசு எண்டு சொல்லுவாங்கள்.

வாகனம் தேடத் தொடங்கின பிறகுதான் ஒண்டு விளங்கினது. இந்த நாட்டில 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கெண்டு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. இடையில இருந்த அஞ்சு வருசத்தில ஓடுற நிலையில இருந்த எல்லாமே தங்கமாகிட்டுது. இறக்குமதி திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் புதுசு எங்களுக்குக் கனவுதான். அதனால எங்களை மாதிரி ஆக்கள் தெரிவு செய்யிறது எங்களைவிட வயசு கூடின வாகனங்களுக்குள்ள. 1988க்கும் 1997க்கும் இடையில செய்த ஹைலக்ஸ் ஒண்டுக்குச் சொல்லுற விலையைக் கேட்டு அம்மா ஒருக்கா கதிரையில இருந்திட்டா.

ஆளாளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஒருத்தன் டிஃபெண்டர் எண்டான். எனக்கு அந்த வாகனத்தின்ர வடிவம் பிடிக்கும், ஆனா இலங்கையில டிஃபெண்டர் எண்டால் அரசியல்வாதிக்குப் பின்னால ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வாற வாகனம் எண்ட நினைப்பை என்னால கழட்டி வைக்க ஏலாது. ஜிம்னி நல்ல சாமான், சின்னன், பாரம் குறைவு, சேத்தில சுகமா ஏறும். ஆனா நாலு பேரும் சமையல் சாமானும் ஏறினால் மூச்சு விட இடமில்லை. வீகோ ஹைலக்ஸ் எங்கட பட்ஜெட்டுக்கு மேல. அதோட அதின்ர டீசல் பம்பும் இன்ஜெக்ரரும் பழுதாகினால் ஊர் மெக்கானிக் கையை விரிச்சிடுவார். மிற்சுபிசி எல்200 விலை கொஞ்சம் குறைவு. ஆனா அதின்ர 2.5 லீற்றர் எஞ்சின் ஒருக்கா நல்லாச் சூடாகினால் ஹெட் வெடிக்கிற ஆபத்து இருக்கு எண்டு எல்லாக் கராஜிலயும் ஒரே கதை. கடைசியா நிண்டது எல்என்106 எண்டுற பழைய ஹைலக்ஸ். 2.8 லீற்றர் டீசல், கணினி ஒண்டும் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் வில்லுத்தகடு. தார் றோட்டில மாட்டுவண்டி மாதிரித் தூக்கிப் போடும், ஆனா எங்க நிண்டாலும் பாகம் கிடைக்கும், திருத்த ஆளும் கிடைக்கும்.

இதுக்குப் பிறகுதான் உண்மையான சண்டை. சிங்கிள் கப்பா, டபுள் கப்பா? சிங்கிள் கப்பின்ர பெட்டி 7 அடிக்குக் கிட்ட, மெத்தையைப் போட்டு நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். டபுள் கப்பில 5 அடி அளவில்தான், பின்கதவைத் திறந்து காலை வெளியால விட்டால்தான் நித்திரை. காம்பிங் எண்டு பார்த்தால் சிங்கிள் கப்தான் சரி எண்டு மூண்டு பேரும் ஒரே குரலில சொன்னாங்கள். முன் சீற்றில மூண்டு பேர் இருக்கலாம். மூண்டு பேரும் அவங்கள்தான். “அப்ப நான்?” எண்டு கேட்டன். “நீ பின்பெட்டியில காத்து வாங்கிக்கொண்டு வாவன்.”

ஒரு பெட்டை பின்பெட்டியில இருந்துகொண்டு ஏ9 றோட்டால போனால், நாங்கள் ஆனையிறவு தாண்ட முதல் கதை வீட்ட போய்ச் சேர்ந்திடும். அதோட என்னைத் தனிய மூண்டு பெடியளோட அனுப்ப அம்மா ஒருநாளும் சம்மதிக்கமாட்டா. என்ர பச்மேற் ஒருத்தியும் வந்தால் யோசிப்பா. அவளும் வாறதெண்டால் பின்னுக்கு ஒரு சீற் வேணும், அந்த சீற்றுக்கு ரண்டு கதவு வேணும். அவங்களுக்கு இது படுக்கிற வசதி பற்றின விவாதம். எனக்குப் போறதா, வீட்டில நிண்டு வாட்ஸப்பில படம் பார்க்கிறதா எண்ட விவாதம். போட்ட காசைத் திருப்பித் தாங்கோ எண்டு நான் சொன்ன பிறகு நாலு கதவுக்கு அண்ணா ஓம் எண்டான்.

பார்க்கப் போகேக்க சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனம். அவர் மெக்கானிக் இல்லை, வன்னியில உழவு இயந்திரம் ஓடினவர். முதல் பார்த்தது யாழ்ப்பாணத்தில ஒண்டு. பெயின்ற் மினுங்கினது, ரயருக்குக்கூடக் கறுப்புப் பூசியிருந்தது. அண்ணாவின்ர முகத்தில அப்பவே கலியாணக் களை. சித்தப்பா பொனற்றில கையை வச்சுப் பார்த்திட்டு, “காலமையே ஸ்ராட் பண்ணி வச்சிருக்கிறாங்கள்” எண்டார். குளிர்ந்து கிடக்கிற டீசல் எஞ்சின் எப்பிடி ஸ்ராட் ஆகுது, முதல் என்ன நிறத்தில புகைக்குது எண்டதைப் பார்க்காமல் வாங்கக் கூடாதாம். நீலமாப் புகைச்சால் ஓயில் எரியுது. கறுப்பெண்டால் டீசல் கூடப் போகுது. சூடாகின பிறகும் வெள்ளைப் புகை நிக்காட்டில் ஹெட்டைச் சந்தேகப்படோணும். பிறகு வாகனத்துக்குக் கீழ சாக்கை விரிச்சுப் படுத்து, சின்னச் சுத்தியலால சேசிஸைத் தட்டிக்கொண்டே போனார். ‘டங் டங்’ எண்டு கேட்டுக்கொண்டு வந்தது, பின்சில்லுக்கு மேல ‘தொப்’ எண்டது. புதுசாப் பூசின தாருக்குள்ள இரும்பு பிஸ்கற் மாதிரி. மீன் ஏத்தின வாகனம். ஐஸ் உருகி வடியிற உப்புத்தண்ணி பெட்டியால இறங்கிச் சேசிஸைத் தின்னும், மேலால பார்த்தால் ஒண்டும் தெரியாது. கடற்கரைப் பக்கத்து வாகனம் எண்டால் பெயின்ற்றைப் பார்க்காதேங்கோ, கீழ படுத்துப் பாருங்கோ. எஞ்சினை மாத்தலாம், கியர்பொக்ஸை மாத்தலாம், உக்கின சேசிஸை வச்சு ஒண்டும் செய்ய ஏலாது.

வவுனியாவில பார்த்த எல்200 நல்லா ஓடினது. ஆனா புத்தகத்தில இருந்த பெயர் விக்கிற ஆளின்ர இல்லை, அவருக்கு வித்தவரின்ரயும் இல்லை. ஓப்பின் பேப்பரில கைமாறிக் கைமாறி வந்தது. லீசிங் கொம்பனியின்ர பெயரும் இன்னும் வெட்டுப்படேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்திட்டம்.

மூண்டாவது பளையில, ஒரு தென்னந்தோட்டத்தில தேங்காய் ஏத்தின எல்என்106. பெயின்ற் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, ஒரு பக்கக் கண்ணாடி கயித்தில நிண்டது. சித்தப்பாவின்ர சுத்தியல் கடைசி மட்டும் ‘டங்’ எண்டது. முன்சில்லின்ர நடுவில ஹப் இருக்கு, நாலு சில்லும் இழுக்கோணுமெண்டால் இறங்கி அதைக் கையால திருப்பிப் பூட்டோணும். யாழ்ப்பாணத்து வாகனத்தில அது அசையேல்லை, இதில விரலால சுத்த வந்தது. நாலு சில்லையும் பாவிச்ச ஆள் எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி.

ஓடிப் பார்க்க வெளிக்கிட்டம். தார் றோட்டில நாலையும் போடக் கூடாது எண்டார் சித்தப்பா. திரும்பேக்க முன்சில்லும் பின்சில்லும் வேற வேற வேகத்தில சுத்தோணும், பிடிமானமுள்ள நிலத்தில அது ஏலாமல் கியர் இறுகிப்போகும். மண் வேணும். அண்ணா வலப்பக்கம் ஒரு பத்தையைக் கண்டிட்டு, “இதுக்குள்ள விடுவம்” எண்டு ஸ்ரியறிங்கைத் திருப்பினான். சித்தப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் ஸ்ரியறிங்கைப் பிடிச்சிட்டார்.

பளைக்குப் பக்கத்திலதான் முகமாலை. வருசக்கணக்கா முன்னரங்கா இருந்த இடம். சின்ன வகுப்பில எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்து படம் காட்டிச் சொல்லித் தந்ததே ஒண்டுதான்: பாதையை விட்டு இறங்காதேங்கோ. மண்டையோடு கீறின சிவப்புப் பலகையை நான் ‘அ’ எழுதப் பழகின காலத்திலயே வாசிக்கப் பழகினனான். பாதையை விட்டு இறங்கிறதுதான் விளையாட்டே எண்டு யூரியூப்பில பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு இது விளங்காது. அண்ணாவும் மறந்துபோனான் எண்டதுதான் எனக்கு ஆச்சரியம். அவ்வளவு தூரம் வந்திட்டமோ எண்டு ஒரு பக்கம் சந்தோசமாயும் இருந்தது.

சித்தப்பா இறங்கி, மாடு சாய்ச்சுக்கொண்டு வந்த ஒரு ஐயாவிட்ட விசாரிச்சார். அவர் காட்டின தென்னங்காணிக்குள்ள, ஆக்கள் தினமும் நடக்கிற மணல் பாதையிலதான் ஓடிப் பார்த்தது. “நீ ஏறு பிள்ளை” எண்டார் என்னைப் பார்த்து. லைசன்ஸ் எடுத்து ஒரு வருசமாகியும் வீட்டில திறப்பு என்ர கைக்கு வந்ததில்லை. வாகனத்தை நிப்பாட்டி, சின்னக் கியரை லோவுக்கு இழுத்து, முதலாம் கியரில கிளச்சை விட்டன். அக்சிலரேற்றரில கால் இல்லை. மனிசர் நடக்கிறதைவிட மெதுவா, ஆனா ஒருக்காலும் நிக்காமல், மணல் திட்டியில அது தன்ர பாட்டில ஏறினது. பின்னால மூண்டு பெடியளும் சத்தமில்லை.

சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோட ஒப்பிட்டு, பேர் மாத்திற கடதாசிக்கு அடுத்த நாளே ஓடித் திரிஞ்சம். வாங்கின விலையைவிடக் கொஞ்சக் காசு தனிய எடுத்து வச்சது நல்லதாப் போச்சு. ரைமிங் பெல்ற், எல்லா ஓயிலும், முன் பிறேக், நாலு ரயர் எண்டு முதல் மாசமே அது கரைஞ்சுது. கூரையில லைட் வரிசை பூட்டோணும் எண்டு ஒருத்தன் இன்னும் நிக்கிறான். பொலிஸ் மறிச்சால் தண்டம் நீயே கட்டு எண்டு சொல்லியாச்சு. லீற்றருக்கு 9 கிலோமீற்றர்தான் ஓடுது. 2022 மாதிரி கியூஆர் கோட்டுக் காலம் திரும்பி வந்தால் இது வளவில கோழிக்கூடுதான்.

அடுத்த சனி மணற்காடு. மணலுக்குள்ள இறங்க முதல் ரயர் காத்தைப் பாதியாக் குறைக்கோணும், திரும்பித் தார் றோட்டுக்கு வந்ததும் அடிக்கோணும். அதுக்குப் பற்றறியில வேலை செய்யிற பம்ப் ஒண்டு வாங்கியாச்சு. அம்மா ஒரு நீலத் தரப்பாளை மடிச்சுப் பின்பெட்டியில வச்சிருக்கிறா. கூடாரம் இருக்கேக்க இது எதுக்கு எண்டு அண்ணா கேட்டான். “கிடக்கட்டும்” எண்டா.